சீருடையும் நாவும்

அரசாங்கத்தின் உப்பைத் தின்பவன் அரசாங்கத்தைக் குறை கூறலாமா? இவ்வாறு கேட்பவர்கள் உடனே, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் பழமொழியையும் எடுத்துக்காட்டுவர். பழமொழி நல்லதே. ஆனால் உப்பிட்டவர் யார் என்று ஆராயாமல் அதனைக் கையாளுதல் தகாது. மந்திரி தம் வீட்டுப் பானையிலிருந்து எடுத்துப் போலீஸ்காரருக்குச் சோறு போடவில்லை. தீப்பெட்டி வாங்கும் கிழவியும், பீடிக்கட்டு வாங்கும் கூலியாளும் செலுத்தும் வரியிலிருந்தே மந்திரி, போலீஸ்காரர் ஆகிய இருவரும் உண்கின்றனர். ஆகவே நன்றி யாருக்கு உரியது என்பதே முதற்கண் தெளிய வேண்டிய விஷயம்.

அன்பர்களே, கேரளத்தில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. கேரளக் கரையிலிருந்தும் கன்னியாகுமரிக் கரையிலிருந்தும் கடலுக்குச் சென்ற மீனவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. எச்சரிக்கை உரிய காலத்தில் வந்து சேரவில்லை என்று கரையில் நின்றவர்கள் கதறினர். டிசம்பர் 9-ஆம் நாள், திருவனந்தபுரத்தில் நடந்த ஊழல் எதிர்ப்பு நாள் கூட்டத்தில், டி.ஜி.பி. தரத்திலிருந்த ஜேக்கப் தாமஸ் பேசினார். மாநிலத்தில் சட்டத்தின் ஆட்சி குலைந்துவிட்டது என்றும், கடலில் மாண்டவர்கள் பணக்காரராயிருந்தால் அரசாங்கம் இப்படியா நடந்திருக்கும் என்றும் பொருள்பட அவர் கூறினார். பினராயி விஜயனை முதலமைச்சராகக் கொண்ட அரசாங்கம் அம்மாதமே அவரைச் சஸ்பெண்டு செய்தது. அனுமதியின்றித் தம் பணி வாழ்வைப் புத்தகமாக எழுதினார் என்னும் குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. 2019 ஜூலையில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அவரைத் திரும்ப வேலையில் அமர்த்துமாறு உத்தரவிட்டது. அமர்த்தினர். எங்கே? ஷொர்ணூரில் விவசாயக் கருவிகள் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலையின் தலைமையில்! இரும்பு வேலை இழிவானதன்று. யானும் ஆலையில் உழைத்தவனே. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போலீஸ் பணியிலிருந்த ஒருவரை அங்கே அனுப்பியது கருவிகளின் நலம் கருதித்தானா என்று கேட்க இடமுண்டு. 2020 மே மாதத்தில் அவர் ஓய்வு பெற்றார்.

இத்தகைய உயர் அதிகாரிகளைக் கட்டுப்படுத்துவது 1968-ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகள். அவற்றுள் ஏழாவது விதியை ஊன்றிப் படிக்க வேண்டும். நடந்ததைச் சொல்லும் கூற்றாயினும் சரி, சொந்த அபிப்பிராயமாயினும் சரி, அரசாங்கத்தின் கொள்கையையோ செயலையோ பாதகமாக விமர்சிப்பதாக அது அமையுமானால், அதிகாரி அதனைப் பகிரங்கமாகக் கூறலாகாது என்பது அவ்விதியின் சாரம். பொய் சொல்லாதே என்று அது விதிக்கவில்லை. சொன்னது மெய்யென்று மெய்ப்பித்தாலும் குற்றம் குற்றமே! கடமையின் பகுதியாகப் பேசியதற்கு விலக்கு உண்டு என்று ஒரு வரியும் அதில் இருக்கிறது. ஆனால் எது கடமை என்பதை முதலில் தீர்மானிப்பவர் யார்? குறை கூறப்பட்ட அதே அரசாங்கம்தான்.

எதிர்வாதத்திலும் பெரும் நியாயம் உண்டு. அதனை இலேசாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. நள்ளிரவில் ஒருவன் அடிபட்டு ரத்தம் வடிய ஸ்டேஷனுக்கு வருகிறான். அவன் சட்டைப்பையில் ஒரு கட்சியின் சின்னம் இருக்கிறது. முந்திய நாள் மேடையில் அக்கட்சித் தலைவரை ஏசிய இன்ஸ்பெக்டரே எதிரே உட்கார்ந்திருந்தால், அவன் நம்பி வாய் திறப்பானா? ஆயுதம் தரித்தவனுடைய கோபம் மற்றவர் கோபத்தைப் போன்றதன்று. அரசாங்க வேலையில் சேர்ந்த காரணத்தால் ஒருவன் அடிப்படை உரிமைகளை இழப்பதில்லை என்று 1962-இல் காமேஸ்வர் பிரசாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது மெய்தான். எனினும் போலீஸ் படையினரின் உரிமைகளைச் சட்டத்தால் குறைக்க அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு இடங்கொடுக்கிறது. காரணமில்லாமல் அப்பிரிவை எழுதிவிடவில்லை.

அப்படியாயின் போலீஸ்காரர் ஊமையாயிருக்க வேண்டுமா? கட்சிக்காகப் பேசுதல் வேறு, கண்டதைச் சாட்சி சொல்லுதல் வேறு என்பது என் கருத்து. போலீஸ் உத்தியோகத்தின் வேரே சாட்சியம். கூண்டிலே ஏறிக் கண்டதைக் கண்டபடி சொல் என்று ஆணையிடும் சர்க்கார், அதே மனிதர் கூண்டைவிட்டு இறங்கியதும், கண்டதைக் காணாதவன்போல் இரு என்று ஆணையிடுவது எவ்வாறு பொருந்தும்? அவர் முதலில் மேலதிகாரிக்கு எழுதட்டும். பதில் வராமல், உயிர்கள் போய்க்கொண்டிருக்குமானால் பிறகு ஊரறியச் சொல்லட்டும். ஏளனமின்றி, யாருக்கும் ஓட்டுக் கேளாமல் சொல்லட்டும். இந்த அளவுகோலால் பார்த்தால், சட்டத்தின் ஆட்சியே குலைந்தது என்ற சொல் அளவு கடந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மீனவரைப் பற்றிய கேள்வி அளவு கடந்ததன்று.

அவ்வதிகாரி 2021-இல் இரிஞ்ஞாலக்குடாவில் பாரதிய ஜனதாக் கட்சியின் வேட்பாளராக நின்று தோற்றார். இதைக் காட்டி, அன்று பேசியதும் இதற்காகத்தானே என்று நகைப்பவர் உண்டு. ஓய்வு பெற்றவர் பின்னாளில் எக்கட்சியில் சேர்ந்தாலும், கடலில் மாண்டவர்களின் கணக்கு மாறிவிடுமா? ஆயினும் அடுத்துப் பேச வரும் அதிகாரியின் சொல்லுக்கிருந்த எடையை அது சற்றுக் குறைத்துவிட்டது என்பதை மறைத்தற்கில்லை.

டி.ஜி.பி.க்கு வக்கீல் உண்டு, தீர்ப்பாயம் உண்டு, பத்திரிகைகளில் பெயரும் உண்டு. கான்ஸ்டேபிளின் கதி என்ன? போலீஸ் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதியின்றிச் சங்கத்தில் சேர்ந்தாலும் பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தாலும் இரண்டாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சஸ்பென்ஷனோ சட்டத்தின் கண்ணில் தண்டனையே அன்று. விசாரணைக்கு முன்னேற்பாடு மட்டுமே! ஆலைக் கதவு மூடிக்கிடந்த மாதங்களில் அடுப்பு எரிந்த விதத்தை அறிந்த பெண்களிடம் கேட்டால், வருமானம் பாதியாகிப் போவது தண்டனையா அன்றா என்று சொல்வார்கள்.

2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அரசியல்வாதிகளின் பிடியிலிருந்து போலீஸைக் காக்கச் சில கட்டளைகள் இட்டது. பொதுமக்கள் போலீஸ்மீது முறையிட, ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் ஓர் அமைப்பு வேண்டும் என்றது. ஒழுங்கு நடவடிக்கை பற்றியும் சட்டவிரோதமான ஆணை பற்றியும் அதிகாரிகள் முறையிட, டி.ஜி.பி.யும் நான்கு மூத்த அதிகாரிகளும் கொண்ட வாரியம் ஒன்றையும் கூறியது. ஆனால் அவ்வாசல் சூப்பரிண்டெண்டு முதல் மேற்பட்ட தரத்தாருக்கே. அரசாங்கம் போலீஸ்மீது தகாத செல்வாக்குச் செலுத்தாதபடி கண்காணிக்க மாநிலப் பாதுகாப்பு ஆணையம் ஒன்றும் அமைக்கச் சொல்லிற்று. அவ்வாணையத்தின் தலைவர், முதலமைச்சர் அல்லது உள்துறை அமைச்சர்.