இலை ஓரத்து உப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தேன். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ், அப்பளம் என்று இலையை நிறைத்து, ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்து, திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சற்று நேரத்தில் அம்மாவின் குரல் வந்தது. "ஏட்டி, நல்லாருக்கு. உப்பு இல்லியே?"

அவ்வளவுதான். படத்தைப் பார்த்தே உப்பு சொல்கிறாளே என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். சொதியில் உப்பு சரியாகவே இருந்தது. இரவு பாத்திரம் தேய்க்கும்போதுதான் வேறொன்று தோன்றியது. அம்மா சொன்னது சொதியைப் பற்றித்தானா? இலையின் இடது மேல் ஓரத்தில் வைக்கும் சிட்டிகை உப்பைத் தேடியிருப்பாளோ? அது படத்தில் இல்லை. படம் எடுக்கிற இலையில் நான் உப்பு வைப்பதில்லை.

காரணம் இருக்கிறது. சொதியைப் படம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்த வெளிறிய நிறம்; கீழே வெள்ளைச் சோறு. முருங்கைக்காயும் கேரட்டும் பீன்ஸும் தலைநீட்டினால்தான் அங்கே ஒரு குழம்பு இருப்பதே தெரியும். வாழையிலையின் பச்சை சோற்றில் ஏறி, பருக்கைகள் பாசி பிடித்த மாதிரி விழும். ஜன்னல் வெளிச்சத்தோடு வீட்டு விளக்கும் எரிந்தால் இலையில் பாதி மஞ்சள், பாதி நீலம். எனவே விளக்கை அணைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இலையைத் திருப்பி, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்துவேன். நிழல் கொஞ்சம் இளகும். ஆவி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகப் பிடிபடப் பிடிபட, சமையலைவிடப் படத்தின்மேல் ஆசை கூடிப்போனது. இந்தக் கணக்கில் முதலில் வெளியேறியது உப்புதான். பச்சை இலையில் நாலு வெள்ளைத் துகள் கிடந்தால், இலையைச் சரியாகத் துடைக்கவில்லை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

பந்தியில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகமே உப்பு வைப்பதுதான். சாம்பார் வாளி தூக்கத் தெம்பில்லாத வயது. மறுவீட்டுச் சாப்பாடு, சொதிதான். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் உப்பைக் கொடுத்து வரிசையில் இறக்கிவிட்டார்கள். நான் விறுவிறுவென்று வைத்துக்கொண்டே போக, பின்னால் வந்த ஆச்சி அதட்டினாள். "அவுக தண்ணி தெளிச்சுத் துடைக்கட்டும்ட்டி. ஈர இலையில வச்சா ஓடிராதா?" திரும்பிப் பார்த்தால், நான் வைத்த உப்பெல்லாம் இலை நரம்பு வழியாகக் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தண்ணீரை வழித்துவிடும்வரை காத்து நின்று, மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.

அந்த உப்பை அநேகமாக யாரும் தொடுவதில்லை. இலையை மடிக்கும்போது வைத்தது வைத்தபடி இருக்கும். அப்புறம் எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் ஆச்சி சம்பிரதாயம் என்றிருப்பாள். எனக்கு இப்போது தோன்றுவது வேறு. எத்தனை பதமாகச் சமைத்தாலும் கடைசித் தீர்ப்பு சாப்பிடுகிறவர் நாக்குக்குத்தான். பத்தவில்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள் என்று சமைத்தவர் வாயைத் திறக்காமல் சொல்வதுதான் அந்தச் சிட்டிகை. படத்தில் இருக்கும் இலையை யாரும் சாப்பிடப் போவதில்லை. அங்கே திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, உப்புக்கும் வேலை இல்லை.

ஆனால் ஆச்சியை நினைத்தால் இந்த விளக்கமும் ஆட்டம் காண்கிறது. அமாவாசைச் சமையலைப் படைக்கும் முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. குழம்பு கொதிக்கும்போது ஆச்சி குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். "இன்னும் கொஞ்சம் போடு" என்பாள். காகம் எடுத்த பிறகு நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டால் உப்பு அச்சாக இருக்கும். கல்லுப்பு ஒன்றுதான் அவளுக்கு உப்பு. தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருக்கும்போது பாக்கெட் உப்பு எதற்கு என்பாள். அந்தக் கைப்பக்குவத்தில் வளர்ந்தவள் அம்மா. மூக்கால் உப்புப் பார்த்தவளின் மகள் கண்ணால் பார்க்க மாட்டாளா என்ன? சொதியில் உப்பு சரியாக இருந்தது என்பது என் நாக்கின் கட்சி. அம்மாவின் அளவுக்கு அது குறைவாகவே இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அம்மாவுக்கு இரத்த அழுத்தம். டாக்டர் சொன்னதிலிருந்து ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாம் நின்றுவிட்டன. அவள் இலையில்தான் இப்போது உப்பு இல்லை. அந்த ஏக்கம் மகள் அனுப்பிய படத்தில் போய் உட்கார்ந்ததோ என்னவோ.

எப்போதோ நூலகத்தில் புரட்டிய ஓவியப் புத்தகம் ஒன்று இதற்கிடையில் நினைவுக்கு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் ஹார்லெம் நகரத்தில் பீட்டர் கிளாஸ், வில்லெம் ஹேடா என்ற ஓவியர்கள் சாப்பாட்டு மேசைகளாகவே வரைந்து தள்ளியிருக்கிறார்கள். பாதி உரித்த எலுமிச்சை, மேசை விளிம்பில் சுருண்டு தொங்கும் அதன் தோல், கவிழ்ந்து கிடக்கும் கோப்பை. ஆளைக் காணோம், யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார். அந்த மாதிரி மேசைகளில் உப்புக் கிண்ணமும் அடிக்கடி வந்து உட்கார்ந்துவிடும். என் படங்களெல்லாம் கை வைப்பதற்கு முந்தியவை. அந்த ஓவியங்கள் கை வைத்த பிறகு. இதையும் செய்து பார்க்கலாமே என்று, சாப்பிட்டு முடித்த இலையை ஒருநாள் படம் எடுத்தேன். மென்று துப்பிய முருங்கைச் சக்கை ஒரு குவியல், வழித்த விரல் தடம். மகள் எட்டிப் பார்த்து, "ஐயய்யே, எச்சில் இலைம்மா!" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். ஹாலந்தில் அழகாக இருப்பது நம் ஊரில் எச்சில்.

ஓவியத்தை விட்டுப் பாட்டுக்கு வந்தால், குறுந்தொகையில் 167-ஆம் பாட்டு சமையல் பாட்டு. கூடலூர் கிழார் பாடியது. தயிர் பிசைந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிக்கும் புகை கண்ணில் ஏற, ஒருத்தி புளிக்குழம்பு வைக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கணவன் சாப்பிட, அவள் முகத்தில் மகிழ்ச்சி மெல்லத் தெரிகிறது. விரல் உண்டு, புடவை உண்டு, புகை உண்டு, முகம் உண்டு. குழம்பு என்ன நிறம் என்று மட்டும் கவிஞர் சொல்லவில்லை. என் போனில் இருப்பது நேர்மாறு. அத்தனை குழம்பின் நிறமும் இருக்கிறது. ஒரு முகம் இல்லை.

அதற்காகக் கேமராவைத் திட்டவும் மனம் வரவில்லை. முன்பெல்லாம் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தட்டோடு டிவி முன்னால் ஒருவர், கட்டிலில் ஒருவர். படம் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்காருகிறார்கள். என் கணவர் சார்ட் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகள் அப்பளத்தை நகர்த்தி நகர்த்தி வைப்பாள். "போதும்மா, ஆறுது" என்று சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்தோடு தொடங்கும் சாப்பாடு கொஞ்ச நேரம் கூடவே நீள்கிறது. ஆனால் சொதியும் ரசமும் பாயசமும் மோரும் ஒன்றாக நிறைந்து நிற்கும் படத்து இலையை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. ரசம் வரும்போது சொதி போயிருக்கும். மோர் வரும்போது பாயசம் போயிருக்கும். வீட்டில் நடக்காத ஒரு சாப்பாட்டைத்தான் அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது நேரிலேயே கேட்டுவிட்டேன். எந்த உப்பைம்மா சொன்ன? அம்மா யோசித்தாள். "அப்படியா சொன்னேன்? சொல்லிருப்பேன்" என்றுவிட்டு, கீரையை ஆய ஆரம்பித்தாள்.

படம் எடுப்பதை நான் விடவில்லை. சில இலைகளில் உப்பு வைக்கிறேன், சிலவற்றில் வைப்பதில்லை. அதற்கு ஒரு கணக்கும் இல்லை. தூரத்தில் இருப்பவளுக்குப் படம் அனுப்புவது பரிமாறுவதில் சேருமா, வெறுமனே காட்டுவதில் சேருமா? சில நாள் முதலாவது என்று தோன்றுகிறது, சில நாள் இரண்டாவது. எந்த நாள் எது என்பது அனுப்பும்போது எனக்கே தெரிவதில்லை.