பெற்ற வயிறும் மனமும்

"பெற்ற வயிறு பற்றி எரியுது" என்று நம் தாய்மார் சொல்வதுண்டு. இலக்கணம் கற்ற நாம் அதனை வெறும் அணியென்றே கொண்டோம். வயிற்றுக்கும் மனத்துக்குமுள்ள உறவை இன்று உடலியலார் ஆய்வுகூடத்தில் தேடுகின்றனர்.

2004 ஆம் ஆண்டில் யப்பானின் கியூசு பல்கலைக்கழக ஆய்வாளர், குடலில் நுண்ணுயிர் எதுவுமற்ற சுண்டெலிகளை அசையவிடாது அடைத்துப் பார்த்தனர். சாதாரண எலிகளைவிட அவற்றின் குருதியில் கலக்கத்துக்குரிய சுரப்புகள் மிகுந்தன. ஒருவகைப் பற்றீரியாவைக் குடலிற் சேர்த்ததும் அம்மிகை தணிந்தது. 2017 இல் வெளியான நியூசிலாந்து ஆய்வொன்றில் 423 கர்ப்பிணிகள் பங்குகொண்டனர். லக்ரோபசிலசு வகையொன்றை உட்கொண்டோர் பிள்ளைப்பேற்றின் பின் குறைந்த சோர்வையே தெரிவித்தனர். ஆயினும் அவர்கள் பின்னர் நினைவுகூர்ந்து சொன்ன விடைகளே அங்கு அளவுகோல். முடிந்த முடிபென அதனைக் கொள்வதற்கில்லை.

எழுவைதீவில் என் மாணவி ஒருத்தியின் தாய், மூன்றாவது மகவைப் பெற்றபின் அதனைத் தூக்கவும் மனமின்றிச் சுவரோடு சாய்ந்திருந்தாள். "பிள்ளையில பாசமில்லாதவள்" என்றது ஊர். சொல்ல வெட்கமாயிருக்கிறது, நானும் அவ்வாறே எண்ணினேன். "ரீச்சர், எனக்குப் பசியுமில்லை, அழுகையுமில்லை" என்றாள் அவள்.

அவள் சோர்வு உடலின் நிலையெனில், பாசமின்மை என்ற பழி நிற்காது. இவ்வளவில் விஞ்ஞானம் அவளுக்கு நீதி செய்கிறது. ஆனால் குற்றமெல்லாம் பற்றீரியாவினதே என்றால், ஊரும் வீடும் எளிதாகத் தப்பிவிடுமன்றோ? பற்றீரியாவைக் குளிகையாக அடைத்து விற்போருக்கும் அது வசதி. குடல் நுண்ணுயிர்கள் வானத்திலிருந்து குதிப்பவையல்ல; தாய் உண்ணும் நார்ப்பொருளை உண்டே அவற்றுட் பல வாழ்கின்றன. அவளோ, பத்தியமென்று காய்கறி விலக்கப்பட்டவள். எல்லோரும் உண்டபின் சட்டியின் அடியில் எஞ்சியதை உண்பவள். இரவில் பிள்ளைக்கும் விடியலில் தண்ணீருக்கும் எழுபவள். கணவன் கடலில். கடல் கொந்தளித்தால் ஊர்காவற்றுறைக்குப் படகு இல்லை. வைத்தியரைக் காணவும் அலை அடங்கவேண்டும். வயிறு மனத்தைக் கலக்குவது உண்மையானால், அவ்வயிற்றைக் கலக்கியவை எவை என்று தொடர்ந்து கேட்பதே அறிவுக்கு அழகு.

தாய்மாரின் சோர்வை அறிய எடின்பரோவில் ஆக்கப்பட்டு 1987 இல் வெளியான வினாக்கொத்தில் பத்து வினாக்கள் உள. தேவையின்றித் தன்னைத்தானே நொந்துகொண்டதுண்டா என்பது அவற்றுள் ஒன்று. ஊர் அவளை நொந்ததா என்ற வினா அதிலில்லை. தண்ணீர் சுமந்தவர் யார் என்பதும் இல்லை. பின்னொரு நாள் அவ்விரண்டையும் அவளிடம் நான் கேட்டேன். முதல் வினாவுக்கு அவள் மறுமொழி சொல்லவில்லை. இரண்டாவதற்கு, மூலையிற் கிடந்த குடத்தைக் காட்டினாள்.