கேட்கப்படாதவர் மீது விழும் தடை

ஒரு படைப்பின் பயனில் அதை ஆக்கியவருக்கு முதற்பங்கு உண்டு என்பதைப் பதிப்புரிமைச் சட்டங்களைக் கடுமையாக எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் மறுப்பதில்லை. இணையம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதைத் திரைப்படத் தயாரிப்பாளர்களும் மறுப்பதில்லை. ஆயினும் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இவ்விரு தரப்பும் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றங்களிலும் ஓயாமல் மோதிவருகின்றன. உரிமை உண்டா என்ற வினாவோடு நின்றுவிடும் விவாதம் இந்த மோதலின் வேரைத் தொடுவதில்லை. உரிமையைக் காக்க எடுக்கப்படும் நடவடிக்கை எவர் மீது விழுகிறது, அவர் தரப்பைக் கேட்ட பின் விழுகிறதா, தவறாக விழுந்தால் அந்த இழப்பைச் சுமப்பவர் யார் என்னும் வினாக்களில்தான் இதன் அறச்சிக்கல் அடங்கியிருக்கிறது.

படைப்பாளியின் தரப்பை எளிதாகத் தள்ளிவிடும் வாதங்களை முதலில் பார்த்துவிட வேண்டும். நகலெடுப்பதால் மூலம் குறைந்துவிடுவதில்லை, ஆகவே அதைத் திருட்டு என்பதே பிழை என்று சொல்லப்படுவதுண்டு. பொருளைப் பறிப்பதும் நகலெடுப்பதும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனால் அந்த வேறுபாடு இழப்பை இல்லாமல் ஆக்கிவிடாது. தமிழ்த் திரைப்படங்கள் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுக்கப்படுகின்றன. முதல் சில நாள் வசூலே படத்தின் கதியைத் தீர்மானித்துவிடுகிறது. வெளியான அன்றே தியேட்டர் பிரிண்ட் இணையத்தில் ஏறிவிட்டால், பெரிய நடிகரின் படம் தாங்கிக்கொள்ளும் அடியைச் சிறு முதலீட்டுப் படம் தாங்குவதில்லை. சில நூறு படிகள் மட்டுமே அச்சாகும் தமிழ் நூல் ஒன்றின் பிடிஎஃப் டெலிகிராம் குழுக்களில் சுற்றத் தொடங்கினால் அதன் பதிப்பாளருக்கு மறுபதிப்பு என்பதே இல்லாமல் போகலாம். அதைப் பகிர்பவர் வாசிப்பை வளர்ப்பதாகவே மனமார நம்பக்கூடும். ஆனால் பல ஆண்டு உழைத்து எழுதியவரிடம் இசைவு பெறாமல், அவருடைய இழப்பை அவருக்குப் பதிலாகத் தாமே முடிவு செய்துவிடுகிறார். நகலெடுப்பின் அறக்குறை இங்கேதான் இருக்கிறது.

அதே வேளையில், பதிப்புரிமைச் சட்டங்கள் அந்த உரிமையை நிலத்தின் மீதான உடைமையைப் போல் காலவரையற்றதாகப் பொதுவாக வகுத்ததில்லை. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியார் காலத்துச் சட்டம் புதிய நூல்களுக்கு 14 ஆண்டுகளும், அக்காலம் முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகளும் மட்டுமே உரிமை அளித்தது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இன்று நூலாசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமையை நீட்டித்திருந்தாலும், அதன் 52ஆவது பிரிவு திறனாய்வு, கல்வி, நடப்புச் செய்தி போன்றவற்றுக்கான பயன்பாட்டை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்று பாடப்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துத் தந்ததை எதிர்த்துப் பன்னாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுப்பது இந்தப் பிரிவின்கீழ் அனுமதிக்கத்தக்கதே என்று தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் கூறியது. பொதுமக்களின் பங்கு இந்த உரிமைக்குள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டிருப்பதால், ஒரு நகல் முறையானதா மீறலா என்பதை நகலை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார், எவ்வளவு எடுத்தார் என்று விசாரித்தே அறிய முடியும்.

இந்த விசாரணையைச் சுருக்கிவிட முனைந்த முயற்சிகளில் உலகம் நன்கறிந்தது, சோபா என்று அழைக்கப்பட்ட அமெரிக்க மசோதா. 2011 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் அறிமுகமான இம்மசோதாவும், மேலவையில் அதற்கு முன்பே கொண்டுவரப்பட்டிருந்த பிபா மசோதாவும், வெளிநாட்டுத் திருட்டுத் தளங்களை அமெரிக்கப் பயனர்களின் கண்ணிலிருந்து மறைக்கும் நோக்கம் கொண்டவை. இணையதளத்தின் பெயரை அதற்குரிய எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் என்னும் பெயரேட்டிலிருந்து ஒரு தளத்தை மறைக்கச் செய்யவும், அத்தளத்துக்கான பணப் பரிமாற்றத்தையும் விளம்பரத்தையும் நிறுத்தச் செய்யவும் அவை வழிவகுத்தன. இன்னும் கவலைக்குரியது, சோபாவின் முதல் வடிவில் உரிமையாளர் ஒருவர் நீதிமன்றத்தை நாடாமல் அனுப்பும் அறிவிப்பின் பேரிலேயே பண அட்டை நிறுவனங்களும் விளம்பர நிறுவனங்களும் ஐந்து நாட்களுக்குள் ஒரு தளத்தைக் கைவிட வேண்டும் என்றிருந்ததாகும். 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன் பக்கங்களை மூடி எதிர்ப்புத் தெரிவித்தது. இரண்டு நாட்களில் இரு அவைகளிலும் மசோதாக்கள் ஒத்திவைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டன.

அந்த எதிர்ப்பு மிகையானது என்று கருதுபவர்கள், புதிய சட்டம் எதுவும் வருமுன்பே அங்கு நடந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். டஜாஸ்1 என்னும் ஹிப்ஹாப் இசைத்தளத்தின் இணையப் பெயரை 2010 நவம்பரில் அமெரிக்க அரசின் சுங்கத்துறை அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட பாடல்களில் சில, விளம்பரத்துக்காக இசைத்துறையினரே அத்தளத்துக்கு அனுப்பிவைத்தவை என்பது பின்னர் தெரியவந்தது. பறிமுதலை நீட்டிக்க அரசு பெற்ற ஆணைகள் முத்திரையிட்டு மறைக்கப்பட்டிருந்ததால், தளத்தின் வழக்கறிஞரால் அவற்றைப் பார்த்து எதிர்வாதம் வைக்கக்கூட முடியவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2011 டிசம்பரில், எந்தக் குற்றச்சாட்டும் பதியப்படாமல் இணையப் பெயர் திருப்பித் தரப்பட்டது. அச்சு இதழ் ஒன்றை ஓராண்டு மூடிவைத்துவிட்டு வழக்கு எதுவும் இல்லை என்று சாவியைத் திருப்பித் தந்திருந்தால், அதைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று சொல்ல எவரும் தயங்கியிருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் இதே சிக்கல் சட்ட மசோதாவாக வராமல் நீதிமன்ற ஆணையாக வந்தது. அந்த வரலாற்றில் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் தனி இடம் உண்டு. இன்னார் என்று அடையாளம் தெரியாத, ஆனால் இனிமேல் உரிமையை மீறக்கூடும் என்று அஞ்சப்படுபவர்களுக்கு எதிராக முன்கூட்டியே பெறப்படும் இடைக்காலத் தடை ‘ஜான் டோ’ ஆணை எனப்படும். அந்தப் பெயரறியா எதிர்வாதிக்கு இந்திய வழக்குகளில் ‘அசோக் குமார்’ என்று பெயரிடுவது வழக்கம். 2012 மார்ச்சில் வெளியான ‘3’ என்னும் தமிழ்ப் படத்தின் தயாரிப்பாளர்கள் அப்படியோர் ஆணையைப் பெற்றனர். இணைய சேவை நிறுவனங்களும் அதில் எதிர்வாதிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தன. ‘தம்மு’ என்னும் தெலுங்குப் படத்துக்கும் அதுபோன்ற ஆணை பெறப்பட்டது. நீதிமன்ற அவமதிப்புக்கு அஞ்சும் ஒரு சேவை நிறுவனத்துக்கு, மீறல் நிகழ்ந்த பக்கத்தைத் தேடித் தடுப்பதைவிட முழுத் தளத்தையும் மூடிவிடுவது எளிது, பாதுகாப்பும்கூட. ஆகவே அந்த மே மாதத்தில் திருட்டு நகல்களுக்குப் பேர்போன பைரேட் பே மட்டுமன்றி, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களும் பல நிறுவனங்களின் இணைப்பில் திறக்காமல் போயின.

விமியோ என்பது குறும்படக் கலைஞர்களும் ஆவணப்பட இயக்குநர்களும் தாங்களே எடுத்த படங்களைத் தாங்களே ஏற்றிவைக்கும் இடம். அவர்கள் ஒவ்வொருவரும் பதிப்புரிமை உடையவர். அவர்களுடைய படைப்பைக் காட்டும் உரிமை, வேறொரு படைப்பாளியின் உரிமையைக் காப்பதற்காக, அவர்களுக்குத் தெரியாமலேயே நிறுத்திவைக்கப்பட்டது. இதை நகலெடுப்பவருக்கும் படைப்பாளிக்கும் இடையிலான போர் என்று மட்டும் விவரிப்பவர்கள் இந்த மூன்றாம் தரப்பைக் காணத் தவறுகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘3’ படத்தின் கொலவெறிப் பாடல் 2011 நவம்பரில் முறையாக வெளியாகுமுன்பே கசிந்து, பின்னர் யூடியூபில் ஏற்றப்பட்டு, இலட்சக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் அனுப்பியதாலேயே மொழி எல்லைகளைக் கடந்து பரவியது. அதனால் படத்தை நகலெடுப்பது நியாயமாகிவிடாது. பாடலைத் திறந்துவிடுவதும் படத்தைப் பூட்டிவைப்பதும் உரிமையாளரின் முடிவே. ஆனால் அந்தப் புகழைச் சுமந்துசென்ற வழிகள் எப்படிப்பட்டவை என்பது, அத்தகைய வழிகள் மொத்தமாக அடைபட்டபோது கவனத்துக்கு வந்திருக்க வேண்டும். சேவை நிறுவனங்கள் முறையிட்ட பின், 2012 ஜூனில் நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்தியது: படம் வைக்கப்பட்டுள்ள குறிப்பிட்ட யூஆர்எல், அதாவது அந்தத் தனிப்பக்கத்தின் முகவரி மட்டுமே தடுக்கப்பட வேண்டும், முழுத் தளமும் அல்ல.

தடுக்குமுன் எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்பதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது அவசரம் பற்றியது. வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்தின் நகலுக்கு எதிர்த்தரப்பை அழைத்து, வாய்தா கொடுத்து, விசாரித்துத் தீர்ப்பளிப்பதற்குள் படமே திரையரங்கை விட்டுப் போயிருக்கும். நகலை ஏற்றியவரோ அழைத்தாலும் வரப்போவதில்லை. ஒரு முகவரியை அடைத்தால் மறுநாள் ஓரெழுத்து மாற்றிய இன்னொரு முகவரியில் தோன்றுகிறார். இந்த வாதத்துக்கு விடை சொல்லாமல் பேசப்படும் இணையச் சுதந்திரம், முதலைப் போட்டவர் நொடித்துப்போவதைக் கண்டும் காணாமல் இருப்பதாகிவிடும். குறிப்பிட்ட நகலுக்கு எதிராக, குறுகிய காலத்துக்கு, முதலில் தடுத்துவிட்டுப் பின்னர் விசாரிப்பது ஏற்கத்தக்கதே. அவசரம் தரும் இசைவு அந்த அளவோடு நின்றுவிடுகிறது. பின்னர் நடக்கவேண்டிய விசாரணையை நடத்தாமலே விட்டுவிட அது இசைவு தருவதில்லை.

அவசரத்தின் பெயரால் எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டமே சாட்சி. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர் முதலானோருக்காக 1982இல் இயற்றப்பட்ட இந்தத் தடுப்புக்காவல் சட்டத்தின் வரம்புக்குள், 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தால் திருட்டு விசிடிக்காரர்களும் கொண்டுவரப்பட்டனர். அதன்படி ஒருவரைக் குற்ற விசாரணை நடத்தாமலேயே ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். திருட்டு விசிடி வழக்குகளில் எளிதாகக் கையில் அகப்படுபவர் நடைபாதையில் வட்டு விற்பவரே. நகலின் ஊற்றுக்கண்ணில் இருப்பவர் அல்லர். 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் திருட்டுத்தனமாகப் படத்தைப் பதிவு செய்பவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 இலட்சம் ரூபாய் முதல் படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை தண்டமும் விதிக்க இடம் தருகிறது. தண்டனை கடுமையானதுதான், ஆயினும் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகே அது விழுகிறது என்பதால், மென்மையானதாகத் தோன்றும் முன்தடுப்பைவிட அறநோக்கில் மேலானது.

பம்பாய் உயர்நீதிமன்றத்தில் 2016இல் நீதிபதி கௌதம் பட்டேல் நடந்துகொண்ட விதம் இதில் கவனிக்கத்தக்கது. ‘டிஷூம்’ என்னும் இந்திப் படத்துக்காகத் தளங்களின் நீண்ட பட்டியலோடு வந்த தயாரிப்பு நிறுவனத்திடம், பட்டியலைச் சரிபார்த்து உறுதிமொழியோடு வருமாறு அவர் கேட்டார். தடுக்கப்பட்ட பக்கத்துக்கு வருபவர், எந்த ஆணையால் அது தடுக்கப்பட்டது, குறையிருந்தால் எங்கே முறையிடுவது என்பதை அறியும்படி அறிவிப்பு இருக்க வேண்டும் என்றார். அந்நாட்களில் தடுக்கப்பட்ட பக்கங்களில் தோன்றிய எச்சரிக்கை ஒன்று, சட்டவிரோத நகலைப் பார்ப்பதே 3 ஆண்டுச் சிறைக்குரிய குற்றம் என்று மக்களை அச்சுறுத்தியது. வெறுமனே பார்ப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமன்று என்பதை அவரே பின்னர் தெளிவாக்கினார். ஆனால் அதன்பின் காற்று வேறு திசையில் வீசுகிறது. 2019இல் தில்லி உயர்நீதிமன்றம் வகுத்த நெகிழ்தடை முறையின்படி, தடுக்கப்பட்ட தளம் வேறு முகவரியில் மீண்டும் தோன்றினால் புது வழக்கு இன்றியே அதையும் பட்டியலில் சேர்க்கலாம். 2023இல் அதே நீதிமன்றம் இனிமேல் ஆக்கப்படவிருக்கும் படைப்புகளுக்கும் அத்தகைய பாதுகாப்பை நீட்டித்தது. முகவரி மாற்றித் தப்பும் தந்திரத்துக்கு இது தக்க விடைதான். ஆயினும் இத்தகைய வழக்குகளில் எதிர்வாதியின் இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருப்பதால், பட்டியலில் தவறாக ஏறிவிட்ட பெயரைச் சுட்டிக்காட்ட அவையில் ஆளில்லை. இத்தாலி இன்னும் விரைந்தது. 2024இல் தொடங்கப்பட்ட அதன் தடுப்பு அமைப்பு, கால்பந்து போன்ற நேரலைகளின் நகலை 30 நிமிடங்களுக்குள் அடைக்கச் சொல்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் அது கூகுள் டிரைவ் சேவையையே தவறுதலாக அடைத்து, ஆட்டத்தோடு தொடர்பில்லாத மக்களைத் தம் கோப்புகளை எட்ட முடியாமல் செய்தது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள்ளேயே இதைவிட நேர்மையான அமைப்பு ஒன்று இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தமும் 2013ஆம் ஆண்டு விதிகளும், உரிமையாளர் எழுத்து மூலம் முறையிட்டால் 36 மணி நேரத்துக்குள் அந்த நகலைத் தடுக்கச் சொல்கின்றன. ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் தடையைத் தொடர வேண்டியதில்லை. வழக்குத் தொடுப்பதாக முறையிடுபவர் உறுதிமொழியும் தர வேண்டும். அவசரத்துக்கு இடம்கொடுத்து, மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றம் சாட்டுபவரின் தோளிலேயே வைக்கும் ஏற்பாடு இது. முழுத் தளங்களை முடக்கும் ஆணைகளுக்கும் இதே சுமை பொருந்த வேண்டும்: தவறாகத் தடுக்கப்பட்டவருக்கு ஈடு செய்யத் தயாரிப்பாளர் முன்பணம் கட்டவேண்டும்; தடைக்கு முடிவுநாள் குறிக்கப்பட வேண்டும்; பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட வேண்டும். எதிர்வாதி வராத வழக்குகளில், பயனர்களின் தரப்பைப் பேச நீதிமன்றத்துக்கு உதவும் வழக்கறிஞர் ஒருவரை அவையே அமர்த்திக்கொள்வதும் புதிய வழக்கமாகாது. பொதுநல வழக்குகளில் இது நெடுநாளாக இருந்துவரும் முறை. அவருக்குப் பட்டியலைப் படித்துப் பார்க்க ஒரு நாள் கொடுத்தால் போதும். பட வெளியீட்டு நாள் பல வாரங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிடுவதால், அந்த ஒரு நாளைத் தயாரிப்பாளர்களால் தர முடியும்.