வேலைக்குப் போகும் கையில் ஒரு கட்டுச்சோறு

 

 இன்றைக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஜும்ஆ பயானில் டிபன் பாக்ஸா என்று யாரும் நினைக்க வேண்டாம். அல்லாஹ்வே தன் வேதத்தில் வழியுணவைப் பற்றிப் பேசியிருக்கிறான்.

ஹஜ்ஜைப் பற்றிப் பேசும் இடத்தில், சூரா பகராவின் 197ஆம் வசனத்தில், வழிக்கு வேண்டிய உணவைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கட்டளை வருகிறது. அதன் பின்னணியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. யமன் நாட்டிலிருந்து ஒரு கூட்டம் கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் ஹஜ்ஜுக்கு வரும். கேட்டால், "நாங்கள் அல்லாஹ்வை நம்பி வந்தவர்கள்" என்பார்கள். மக்காவுக்கு வந்து சேர்ந்ததும் ஊராரிடம் கையேந்துவார்கள். அவர்கள் விஷயத்தில்தான் இந்த வசனம் இறங்கியது. இறையச்சமே சிறந்த வழியுணவு என்று அடுத்து வருவதை நாம் அடிக்கடி ஓதுகிறோம். அதற்கு முன்னால் இருக்கும் பேரீச்சம்பழத்தையும் ரொட்டியையும் மறந்துவிடுகிறோம்.

நம் பகுதியின் கதைக்கு வாருங்கள். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைகளில் நிற்கும் பிள்ளைகள் நம் பள்ளிக்குத் தொழ வருகிறார்கள். காலையில் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் இரவு கடை அடைத்த பிறகுதான் மறுபடி ரயில். மயிலாப்பூர் லஸ் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் நிற்பவர்கள், அடையாறில் மருத்துவமனைகளில் நைட் டியூட்டி பார்க்கும் நர்சுகள், தரமணியில் கம்ப்யூட்டர் முன்னால் விடியவிடிய உட்காரும் நம் வீட்டுப் பட்டதாரிகள், ராத்திரி முழுக்க ஆட்டோ ஓட்டுபவர்கள். "மதியம் என்ன சாப்பிட்டீங்க தம்பி?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "ரெண்டு டீ, ஒரு சமோசா, ஹஜ்ரத்."

அந்த டீக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீயில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம். ஒரு ஷிஃப்டில் ஆறு டீ என்றால் 48 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 25க்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பிஸ்கட்டையும் கூல் டிரிங்க்ஸையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. நம் சென்னையிலேயே, கோபாலபுரத்தில் இருக்கும் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். அந்த எல்லையில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். இந்த ஸஃபில் உட்கார்ந்திருப்பவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

"உம் உடலுக்கு உம் மீது உரிமை இருக்கிறது" என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். யாரிடம் என்று கவனியுங்கள்: பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தவரிடம். இபாதத்துக்காகக் கூட உடலின் ஹக்கைப் பறிக்கக் கூடாது என்றால், தீபாவளி சேல்ஸுக்காகப் பறிக்கலாமா?

மூஸா (அலை) அவர்களின் பயணத்தை கஹ்ஃப் சூராவில் வெள்ளிதோறும் ஓதுகிறோம். கூடையில் மீன் எடுத்துப் போனார்கள். நடந்து நடந்து களைத்ததும், உணவைக் கொண்டு வா, இந்தப் பயணத்தில் களைத்துவிட்டோம் என்ற கருத்தில் தம் உதவியாளரிடம் கேட்டார்கள். ஒரு நபி, பசியையும் களைப்பையும் வாய்விட்டுச் சொல்கிறார். நம் பிள்ளை சூப்பர்வைசரிடம் "சார், சாப்பிட்டு வரேன்" என்று சொல்லக் கூச்சப்படுகிறான்.

கைபருக்குப் போகும் வழியில் ஸஹ்பா என்ற இடத்தில் நபி (ஸல்) அவர்கள் உணவைக் கொண்டுவரச் சொன்னார்கள். இருந்தது ஸவீக் மட்டும். அதை நனைக்கச் சொல்லி, தாமும் சாப்பிட்டார்கள், தோழர்களும் சாப்பிட்டார்கள். இதுவும் புகாரியில் இருக்கிறது. ஸவீக் என்றால் வறுத்து அரைத்த தானிய மாவு. நம் பாஷையில் சத்துமாவு. கெடாது, பாரமில்லை, தண்ணீர் ஊற்றினால் உணவு. நைட் ஷிஃப்ட் போகிறவர் ஒரு சின்ன டப்பாவில் வறுத்த சத்துமாவும் நாலு பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டால், இரண்டு மணிக்கு மெஷினில் சிப்ஸ் வாங்க வேண்டியதில்லை. வெள்ளரிக்காயைப் பேரீச்சம்பழத்தோடு சேர்த்துச் சாப்பிட்டதும் நபிவழியில் வந்திருக்கிறது. வெள்ளரி நம் ஊரில் எங்கேதான் கிடைக்கவில்லை?

இனி சமையலறைக்குள் கொஞ்சம் போகிறேன், தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். குகைவாசிகள் பல ஆண்டுகள் தூங்கி எழுந்ததும் ஒருவரைக் கடைக்கு அனுப்பினார்கள். அப்போதும் எது தூய்மையான உணவு என்று பார்த்து வாங்கச் சொன்னார்கள் (18:19). பசி முற்றிய நேரத்திலும் "ஏதாவது வாங்கி வா" என்று சொல்லவில்லை. சென்னை வெயிலில் நம் டப்பாவுக்கு இந்தக் கவலை இரண்டு மடங்கு வேண்டும். சோற்றைச் சுடச்சுடப் போட்டு இறுக்கி மூடினால் ஆவி வேர்த்து, ஒரு மணிக்குள் வாடை வந்துவிடும். தட்டில் பரப்பி ஆவி போனதும் அடையுங்கள், அல்லது சூடு காக்கும் ஹாட் பாக்ஸில் வையுங்கள். தேங்காய்ச் சட்னி மதியம் வரை தாங்காது. இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அனுப்புங்கள். தயிர்சாதத்துக்குப் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் விட்டால் புளிக்காது. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தாங்கும். முட்டையை அவித்துத் தோலோடு வையுங்கள். ஒரு சின்ன டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கொய்யா. இது ஒன்றும் பணக்காரச் சாப்பாடு இல்லை.

வலீமா பிரியாணி மீந்தால் மறுநாள் டப்பாவில் ஏறுவது நம் வீடுகளின் பழக்கம். இரவு முழுக்க வெளியில் கிடந்த சோற்றில் உண்டாகும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பாடு கை குளிர்ந்ததும் பிரிட்ஜில் வைத்திருந்தால் மட்டும், மறுநாள் நன்றாகச் சூடாக்கிக் கொடுங்கள். வீணாக்குவது பாவம்தான், அதற்கு வழி, இரவிலேயே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவது.

யார் கட்டுவது என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஹிஜ்ரத் பயணத்துக்கு நபி (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தைக்கும் உணவு தயாரித்த அஸ்மா (ரலி) அவர்கள், பையைக் கட்டக் கயிறு கிடைக்காமல் தம் இடைக்கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். அதனால் "இரு கச்சைக்காரி" என்ற பட்டம் பெற்றார்கள். ஒரு சோற்றுப் பொட்டலத்துக்காக வரலாற்றில் நின்ற பெயர் அது. நம் வீட்டில் ஃபஜ்ருக்கு முன் எழுந்து கட்டித் தருபவருக்கு ஒரு வார்த்தையாவது உண்டா? "உப்பு கம்மி" என்பதற்கு மட்டும் வாய் திறக்கிறது. அந்தப் பெண்ணும் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவள் என்றால் நீங்களே கட்டுங்கள். வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, வீட்டாரின் வேலைகளைச் செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றுதான் பதில் வந்தது. கட்ட ஆளில்லாமல் மேன்ஷனில் தங்கியிருக்கும் தம்பிகளுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் சாந்தோமில் தொடங்கியபோது ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் என்று வைத்தார்கள். அங்கே நிற்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. சமோசாவை விட அந்தச் சாம்பார் சாதம் எவ்வளவோ மேல்.

இப்போது கடை முதலாளிகளாக இங்கே அமர்ந்திருப்பவர்களிடம் பேச வேண்டும். கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். டப்பா நன்றாகவே இருக்கிறது, திறக்க நேரம்தான் இல்லை என்று என்னிடம் சொல்கிறார்கள். நம் மாநிலத்தின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம், நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது. நிற்கும் பணியாளர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்ற திருத்தம் 2021இல் வந்தது. கேரளாவில் அதற்கு முன்பே, 2018இல் வந்துவிட்டது. சட்டம் சொல்வதற்கு முன்பே நம் மார்க்கம் சொல்லியிருக்கிறது. உங்கள் கைக்குக் கீழே இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னது அடிமைகளைப் பற்றி. சம்பளத்துக்கு வந்த சுதந்திரமானவருக்கு அதை விடக் குறைவாகவா?

இன்னொன்று, சொல்லக் கூச்சமானது. கடையில் நிற்கும் பெண்பிள்ளைகள் பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. ஏனென்றால் கழிப்பறைக்குப் போக நேரமில்லை, அல்லது கழிப்பறையே இல்லை. அதன் முடிவு சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல். உணவு முன்னால் வந்திருக்கும்போதும், இயற்கை உபாதையை அடக்கிக்கொண்டும் தொழ வேண்டாம் என்று முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. அல்லாஹ் தன் தொழுகையையே சற்றுத் தாமதிக்க அனுமதிக்கிறான். உங்கள் கஸ்டமர் பத்து நிமிடம் காத்திருக்க முடியாதா? உங்கள் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று இன்று அஸருக்கு முன் போய்ப் பாருங்கள். குடோன் படிக்கட்டில் என்றால் ஒரு மேசையும் நாலு நாற்காலியும் ஒரு வாட்டர் கேனும் வாங்கிப் போடுங்கள்.

பள்ளியின் மாடி வராண்டாவை லுஹருக்குப் பிறகு மூன்று மணி வரை திறந்து வைக்க நிர்வாகத்தார் சம்மதித்திருக்கிறார்கள். டப்பா கொண்டுவருபவர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். குடிதண்ணீர், கை கழுவும் இடம் இருக்கிறது. பெண்களுக்குப் பின்பக்க வாசல் வழியாகத் தனி இடம். எந்த மதத்தவர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்களோடு வேலை செய்பவர்களையும் அழைத்து வாருங்கள். எலும்பையும் முள்ளையும் மட்டும் தொட்டியில் போடுங்கள், பூனைகள் இழுத்துப் போடுகின்றன.

சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.