நேரம் கரையும் இடம்

ஊருக்குப் புதியவர் நீங்கள். தங்கியிருப்பது தாம்பரத்தில், காலை 9 மணிக்கு அம்பத்தூரில் இருக்க வேண்டும். மின்சார ரயிலில் பூங்கா நிலையம், சாலையைக் கடந்து சென்ட்ரல் புறநகர் நிலையம், அங்கிருந்து ஆவடி பக்கம் போகும் ரயில். வரைபடத்தில் இரண்டே கோடுகள்தான். ஆனால், நேரம் கரைவது அந்தக் கோடுகளில் அல்ல. அவை சந்திக்கும் இடத்தில். படியேறும் கூட்டம், சாலையைக் கடக்கும் நெரிசல், கண்ணெதிரே கிளம்பிவிட்ட வண்டி!

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தால் ஊர் பொய் சொல்லும். வேலைநாளில், அதே மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தினமும் போகிறவரிடம் "எவ்வளவு தூரம்?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்?" என்று கேளுங்கள்.

தூரம் எல்லோருக்கும் ஒன்றுதான்; கிளம்பும் நேரம்தான் பயணத்தைத் தீர்மானிக்கிறது.