மறைந்த நண்பனும் இருப்பவன் கடனும்

நட்பின் பெருமையைப் பேசாத தமிழ் நூல் அரிது. வள்ளுவர் நட்பை ஆராய ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடி வந்து, தாமும் உயிர்விட்ட பிசிராந்தையாரின் வரலாற்றைப் புறநானூற்றின் வாயிலாக அறிகிறோம். ஆயின் நண்பனோடு உயிர்விடுதல் எல்லார்க்கும் இயல்வதன்று, இயல வேண்டுவதுமன்று. இளமையிலே ஒருவன் மறைகிறான். அவன் தோழன் உயிரோடிருக்கிறான். மறுநாளும் பொழுது விடிகிறது. பெரட்டுக்கு மணி அடிக்கிறது. அவன் போகத்தான் வேண்டும். அவ்வாறு இருப்பவன், மறைந்தவனிடமிருந்து கற்க வேண்டுவது யாது? மறைந்தவனுக்கு அவன் பட்டிருக்கும் கடன் யாது? இவ்விரண்டு வினாக்களும் உண்மையில் ஒரே வினா என்பது என் கருத்து. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் ஓர் இளைஞன் இறந்துவிட்டால் வழக்கமாகக் கேட்கும் சொற்கள் சிலவே. “அவன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்பர். “நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறார்” என்பர். “வாழ்வு நீர்மேற் குமிழி” என்பர். சுடுகாட்டில் நிற்கும்போது எல்லாரும் ஞானிகளே. அங்கே எழும் துறவுணர்ச்சி அங்கேயே அவிந்துவிடும் என்பதனாலன்றோ நம் முன்னோர் அதற்கு மயான வைராக்கியம் என்று பெயரிட்டனர்! கருமாதி முடிந்தவுடன் பழைய வழக்கு, பழைய சீட்டாட்டம், பழைய சண்டை எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன.

அச்சொற்கள் யாவும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயின் அவை எவன் இறந்தாலும் சொல்லப்படுவன. எல்லார்க்கும் பொருந்தும் சட்டை எவனுக்கும் அளவெடுத்துத் தைத்ததன்று. வாழ்வு நிலையற்றது என்பதை அறிய ஒரு நண்பனைப் பறிகொடுக்க வேண்டியதில்லை. உதிரும் இலையே அதனைச் சொல்லும். நண்பன் என்பவன் பொதுவான மனிதன் அல்லன். அவனைப் போல் இன்னொருவன் இல்லை என்பதனாலேயே அவன் நண்பனானான். ஆகவே, அவன் ஒருவனிடமிருந்து மட்டுமே கற்கக்கூடியது எதுவோ, அதுவே அவன் விட்டுச் சென்ற பாடமாகும்.

இதனை விளக்க, உலகம் அறிந்த ஒரு நட்பை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தமிழ்நாட்டுக் குமாஸ்தா. மற்றவர் ஆங்கில நாட்டுப் பேராசிரியர். முன்னவர் 1887-ஆம் ஆண்டு ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன்; பின்னவர் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜி. எச். ஹார்டி. இராமானுஜன் கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால், கும்பகோணத்துக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பரீட்சையில் தேறினாரில்லை. பட்டமின்றி, நிலையான வேலையின்றிச் சில ஆண்டுகள் அல்லலுற்றார். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்திற்குக் கணக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரி 16-ஆம் நாள், தாம் கண்ட கணித உண்மைகளை எழுதி ஹார்டிக்கு ஒரு கடிதம் விடுத்தார். தோட்டத்துக் காரியாலயத்தில் கிராணியாக அமர்ந்து செக்ரோல் எழுதும் எனக்கு, இவ்வரலாற்றில் இவ்விடம் தனியொரு மகிழ்ச்சி தருவது என்பதை மறைப்பானேன்?

ஊர் பேர் தெரியாத ஒரு குமாஸ்தாவின் கடிதத்தை ஹார்டி குப்பைக் கூடையில் எறிந்திருக்கலாம். அவருக்கு முன்னரே கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவர் இராமானுஜனுக்கு உதவ முன்வந்திலர். ஹார்டியோ தம் தோழர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அதனை ஆராய்ந்து, எழுதியவர் ஒரு மேதை என்று கண்டார். 1914-ஆம் ஆண்டு மார்ச்சில் கப்பலேறிய இராமானுஜன் ஏப்ரலில் லண்டன் சேர்ந்தார். அதுமுதல் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அவர் ஆங்கில நாட்டில் இருந்தார்.

அவ்விருவருக்கும் இடையே எத்துணை வேற்றுமை! ஒருவர் கடவுள் நம்பிக்கை அற்றவர்; மற்றவர் நாமக்கல் நாமகிரித் தாயாரை வழிபட்டவர். ஒருவர் ஆளும் இனத்தவர். மற்றவர் ஆளப்படும் இனத்தவர். ஒருவர் நிரூபணமின்றி எதனையும் ஏலாதவர். மற்றவர் உள்ளத்திலோ விடையே முந்தித் தோன்றும், நிரூபணம் பிந்தி வரும். ஆயினும் இருவரும் சேர்ந்து அரிய ஆராய்ச்சிகள் செய்தனர். பிற்காலத்தில் ஹார்டி, தாம் இராமானுஜனுக்குக் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே மிகுதி என்று எழுதினார். ஆசிரியன் மாணவனைப் பற்றி இங்ஙனம் எழுதுதல் அரிது. ஆளும் இனத்தான் ஒருவன் ஆளப்படும் இனத்தான் ஒருவனைப் பற்றி எழுதுதல் அதனினும் அரிது.

அவர் கற்றவற்றுள் ஒன்றைச் சிறுபிள்ளைகளும் அறிவர். 1917-ஆம் ஆண்டிலிருந்து இராமானுஜன் நோயுற்றார். ஐரோப்பிய யுத்தகாலம், குளிர் நாடு, மரக்கறி உணவே உண்பவருக்கு ஏற்ற உணவு கிடைப்பதும் அருமை. பட்னி என்னுமிடத்தில் அவர் நோய்ப்படுக்கையில் இருந்தபோது, காண வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை மோட்டாரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறதென்றும் கூறினார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டாக இருவகையில் எழுதக்கூடிய எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். ஒன்றின் கனத்தையும் பன்னிரண்டின் கனத்தையும் கூட்டினாலும் 1729; ஒன்பதின் கனத்தையும் பத்தின் கனத்தையும் கூட்டினாலும் 1729.

இதனை வெறும் கணக்கு வேடிக்கையாக எண்ணிவிடலாகாது. சுவையற்றது என்று நாம் ஒதுக்குவது, பெரும்பாலும் நாம் கிட்டச் சென்று பார்க்காததேயாகும். செக்ரோலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னே ஓர் எண் உண்டு. நாள் முழுதும் அதனைப் பார்ப்பவனுக்கு அஃது எண்ணாகவே நின்றுவிடும். கிட்டச் சென்று பார்ப்பவனுக்கோ, அவ்வெண்ணுக்குள்ளே பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை இருக்கிறது. மருந்து வாங்கப் பணமில்லாத ஒரு தாய் இருக்கிறாள். வேலைக்கு வராத நாளுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எதனையும் வெறும் எண்ணாகப் பாராதே என்னும் இப்பாடம் இராமானுஜனுடைய சாவிலிருந்து வந்ததன்று. நோயிலும் குன்றாத அவருடைய வாழ்விலிருந்து வந்தது. மறைந்த நண்பனிடம் கற்பதாவது, அவன் உலகை எவ்வாறு பார்த்தானோ அப்பார்வையில் ஒரு பங்கைப் பெறுவதேயாம்.

1919-இல் தாய்நாடு திரும்பிய இராமானுஜன், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. மறு ஆண்டு ஹார்டி அவரைப் பற்றி ஓர் இரங்கற் கட்டுரை எழுதினார். இளவயதிலேயே எவரேனும் இராமானுஜனைக் கண்டெடுத்துப் பயிற்றியிருப்பின் அவர் இன்னும் பெரிய கணிதராகியிருப்பார். ஆயினும் அவருடைய தனித்தன்மை குன்றி, ஐரோப்பியப் பேராசிரியர்களைப் போல ஆகியிருப்பார். அதில் இலாபத்தைவிட நஷ்டமே மிகுந்திருக்கலாம் என்னும் கருத்துப்பட அதனை முடித்தார். எத்துணை அழகிய ஆறுதல்! பட்ட துன்பமெல்லாம் ஒருவகையில் நன்மைக்கே என்னும் ஆறுதல் அது. நம் சுடுகாட்டு ஞானத்திற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

ஆனால் ஹார்டி அங்கே நின்றுவிடவில்லை. 1936-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையிற் சொற்பொழிவாற்றியபோது, தமது பழைய வாக்கியத்தைத் தாமே எடுத்துக்காட்டி, அது நகைக்கத்தக்க வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று தள்ளினார். கும்பகோணத்துக் கல்லூரி அவரைக் கைவிட்டதனால் எவ்வித இலாபமும் இல்லை; நேர்ந்த நஷ்டம் ஈடுசெய்ய இயலாதது; ஆண்டுக்கு 60 பவுன் வீதம் ஐந்தாண்டுகளுக்குப் பணமும், அறிவுடையார் சிலரின் தொடர்பும் கிடைத்திருந்தால் போதுமே என்றார். இராமானுஜன் வாழ்வின் உண்மைத் துயரம் அவர் இளமையில் இறந்ததன்று, இளமையில் வீணாக்கப்பட்ட ஆண்டுகளே என்பது அவர் முடிபு.

தோழர்களே, நட்பின் சிகரம் இதுவென்றே நான் கருதுகிறேன். கண்ணீர் விடுதல் எளிது, புகழ்தல் எளிது, பதினைந்து ஆண்டுகள் கழித்தும், தனக்கு இதமளித்த ஓர் ஆறுதலை, அது உண்மையன்று என்பதற்காக வீசியெறிதல் எளிதன்று. கணக்கு எழுதுகிறவன் முறையிலே சொன்னால், “விதி” என்னும் சொல் கணக்கை முடித்து ஏட்டை மூடிவிடுகிறது. ஹார்டி மூடிய ஏட்டை மீண்டும் திறந்தார். எங்கே நஷ்டம், எவரால் நஷ்டம், எவ்வளவில் தடுத்திருக்கலாம் என்று தொகை போட்டுக் காட்டினார்.

அவ்வாறு ஏட்டைத் திறந்து வைப்பதனால் விளைவதென்ன எனின், காரணம் வெளிப்படும். இராமானுஜனுக்கு வந்தது க்ஷயரோகம் என்றே அக்காலத்து வைத்தியர்கள் பெரும்பாலும் கருதினர். 1994-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்து, அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாகவே இருந்திருக்கக்கூடும் என்றும், கண்டறிந்திருப்பின் அக்காலத்திலேயே மருந்து இருந்ததென்றும் எழுதினார். 1920-இல் “விதி” என்று எழுதப்பட்ட இடத்தில், 1994-இல் ஒரு நோயின் பெயர் எழுதப்பட்டது!

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சான்று உண்டு. மலேரியாக் காய்ச்சலைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான வழியை 1897-இல் இந்தியாவில் ரொனால்டு ராஸ் கண்டார். 1901-ஆம் ஆண்டு முதல் கிள்ளான் வட்டாரத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்ய, காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது. தலையில் எழுதியது என்று எண்ணப்பட்டது, தேங்கிய நீரில் எழுதப்பட்டிருந்தது. மண்வெட்டி எடுத்தவர்கள் அதனை அழித்தனர்.

இங்கே ஒரு தடை எழலாம். “மகனைப் பறிகொடுத்து மார்பில் அடித்துக்கொள்ளும் தாயிடம் சென்று, காரணம் என்ன, தவறு எவருடையது என்று கேட்பது கொடுமையன்றோ?” என்பர். உண்மை, அது கொடுமையே. பிணத்தருகே தாய்க்குச் சொல்லும் சொல் வேறு. கருமாதி கழிந்தபின் தோழன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொல் வேறு. தாய்க்கு ஆறுதல் உரியது; அதனை அவளிடமிருந்து பறிக்க எவனுக்கும் உரிமையில்லை. ஆனால் அவ்வாறுதலைத் தோழனும் எடுத்து உண்டுவிட்டால், அடுத்த தாயின் மகனைக் காப்பவர் யார்? “எல்லாச் சாவையும் தடுக்க முடியுமா?” என்றும் கேட்கலாம். முடியாது. நன்கு ஆராய்ந்தபின், எவராலும் தடுத்திருக்க இயலாது என்று தெளிந்தால் அமைதி கொள்ளலாம். ஆராயாமலே கொள்ளும் அமைதிக்குப் பெயர் அமைதியன்று, சோம்பல்.

இனி, கடனின் மற்றொரு பகுதி முடியாத வேலை. ஹார்டி வேறிருவருடன் சேர்ந்து இராமானுஜனின் கட்டுரைகளைத் தொகுத்து 1927-இல் வெளியிட்டார். 1940-இல் அவர் ஆராய்ச்சியைப் பற்றிய பன்னிரண்டு சொற்பொழிவுகளை நூலாக்கினார். 1947-இல் தாமும் மறைந்தார். வேலை அத்துடன் நிற்கவில்லை. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்பவர், இராமானுஜன் கடைசிக் காலத்தில் நோயோடு எழுதிய தாள்களை ட்ரினிட்டி கல்லூரிப் புத்தகசாலையிற் கண்டெடுத்தார். புரூஸ் பெர்ன்ட் என்பவர், இராமானுஜன் நிரூபணமின்றி விட்டுச் சென்ற குறிப்பேடுகளை ஆராய்ந்து, 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். இவர்கள் இராமானுஜனைக் கண்ணாற் கண்டவர்கள் அல்லர். நண்பன் தன் கடனை ஒழுங்காகச் செய்தால், முன்பின் அறியாதவரும் மறைந்தவனுக்கு நண்பராவர் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

“அவர் மேதை; எங்கள் தோழனோ பால்வெட்டுக்காரன்; அவன் விட்டுச் சென்ற ஏடு எங்கே?” என்று சிலர் கேட்கலாம். ஏடு இல்லாத மனிதன் இல்லை. தம்பியை மேல் வகுப்புக்கு அனுப்ப வேண்டுமென்று ஒருவன் காசு சேர்த்திருப்பான். அது பாதியில் நிற்கிறது. படிப்பகம் ஒன்று அமைக்க வேண்டுமென்று ஒருவன் வீடுவீடாகப் புத்தகம் கேட்டிருப்பான். அவை மூட்டையாகக் கிடக்கின்றன. குடியை விட்டுவிடு என்று ஒருவன் தன் தோழனிடம் நூறு முறை சொல்லியிருப்பான். அச்சொல் இன்னும் அவன் காதில் இருக்கிறது. ஆண்டுதோறும் படத்திற்கு மாலையிட்டு, இவற்றை அப்படியே விட்டுவிடுவோமாயின், நாம் வணங்குவது நண்பனையன்று, கண்ணாடிச் சட்டத்தையே.

ஆதலின், இளமையில் மறைந்த தோழனை உடையார் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. அவன் பார்த்தது போல நான் எதனைப் பார்க்கக் கற்றேன்? அவன் இறந்ததற்குரிய காரணத்தை உண்மையாக ஆராய்ந்தேனா? அவன் பாதியில் விட்டதில் ஒரு பிடியேனும் என் கையில் இருக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை சொல்லக்கூடியவன், தன் நண்பனை முற்றிலும் இழந்தவன் அல்லன்.