கணிப்பும் மறைவான அறிவும்

“வியாழன் கோளில் வீசும் புயலைக் கணினியில் கணித்துப் பார்க்கிறார்களாமே ஹஜ்ரத், அதைக் கேட்டு ஒதுங்க அங்கே யார் இருக்கிறார்கள்?” என்று வேதாரண்யத்து அன்பர் ஒருவர் நம்மிடம் வினவினார். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் கரையேறிய கஜா புயலில் தம் தென்னந்தோப்பை இழந்தவர் அவர். தொடர்ந்து அவர் கேட்டதே நம்மைச் சிந்திக்க வைத்தது: “நாளை நடப்பதை இயந்திரம் சொல்வது, இறைவனுக்கே உரிய மறைவான அறிவில் கைவைப்பது ஆகாதா?”

கணினி மறைவை எட்டிப் பார்ப்பதில்லை. இன்றைய காற்றையும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் எண்களாகக் கொண்டு, படைத்தவன் அமைத்த நியதியின்படி அடுத்த கணத்தைக் கணக்கிடுகிறது. அதைக் கொண்டு அதற்கடுத்த கணத்தை. அந்நியதி வியாழனுக்கும் பொது. அங்கே ஒரு நாள் பத்து மணி நேரத்திற்கும் குறைவு. காலூன்ற நிலமும் இல்லை. நம் புயல் கரையேறியதும் கடலின் ஈரமின்றித் தளர்கிறது. அங்கே ஏறுவதற்குக் கரையே இல்லை; பூமியினும் அகன்ற செஞ்சுழல் ஒன்று நூறாண்டுக்கு மேலாகச் சுழல்கிறது. இங்கே கற்ற கணக்கு மெய்தானா என்று உரைத்துப் பார்க்க அது ஓர் உரைகல்.

கணக்கு பிழைபடுவதும் உண்டு. 1995 டிசம்பர் 7இல் கலிலியோ விண்கலத்தின் கருவி வியாழனுள் இறங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் செய்தி அனுப்பியது. எதிர்பார்த்த அளவு நீர் காணப்படவில்லை. வறண்டதொரு திட்டில் அது இறங்கிவிட்டதெனப் பின்னர் விளக்கினர். இங்கேயோ, 1961இல் எட்வர்டு லோரன்ஸ் 0.506127 என்னும் எண்ணை 0.506 எனச் சுருக்கி இட, கணித்த வானிலையே வேறாகிவிட்டது. மறைவை அறிந்தவனுக்குத் திருத்தம் எதற்கு? இவர்கள் நாள்தோறும் திருத்துகிறார்கள்.

“அன்றிரவு தாயாரை எதை நம்பி முகாமுக்கு அழைத்துச் சென்றீர்கள்?” என்று கேட்டோம்.

“வானொலியை நம்பித்தான்.”

“அது உறுதியாகவா சொன்னது?”

“இல்லை. இன்ன இடத்திற்கும் இன்ன இடத்திற்கும் இடையே கடக்கக்கூடும் என்றது.”

ஃபிக்ஹு நூல்கள் யகீன் என்னும் உறுதியையும், ழன்னு என்னும் மேலோங்கிய எண்ணத்தையும் பிரித்துரைக்கின்றன. இருளில் கிப்லா தெரியாதவர், அடையாளங்களை ஆராய்ந்து மனம் சாயும் திசையில் தொழ வேண்டும். உறுதி இல்லை என்பதால் ஆராய்ச்சியைக் கைவிட அவருக்கு அனுமதி இல்லை. அன்பர் செய்ததும் அதுவே. எச்சரிக்கையைக் கேட்டும் முதியோரை ஓட்டு வீட்டில் இருத்திவிட்டு, அதனைத் தவக்குல் என்பாரும் நம்மிடையே உளர். மதரஸாவில் இப்பாடத்தை அவர்கள் எங்ஙனம் ஓதினார்களோ, அறியோம்.

அன்பர் தலையசைத்தார். “உம்மாவை அழைத்துப் போய்விட்டேன் ஹஜ்ரத். தோப்பை எங்கே அழைத்துப் போவது?” என்றார். புதிதாய் வைத்த கன்றுகளுக்கு நீர் விடும் நேரம் ஆகிவிட்டதென எழுந்துகொண்டார்.